தொம்போக்கின் கடைவாய்ப் பல்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் சியூ யென் காரின் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏத்தும்மா, நனையறே பாரு," என்றார் பஹாரோம்.

"பரவாயில்ல சார்."

மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங்கில், மழையைப் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் கிடையாது. பஹாரோம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அடைமழையில் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டிய மாணவி இவள் ஒருத்திதான். வலது தோள் முழுக்க நனைந்து, ஸ்டீயரிங்கில் கை வழுக்கி, ஏரிக்கரைச் சாலையில் ஒரு மழைமரத்தை நெருங்கி நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியது கார்.

ஓரமாக நிறுத்தச் சொல்லி, என்ன சங்கதி என்று கேட்டார். அவள் வைப்பர் ஆடுவதைப் பார்த்தபடி, "உள்ள ஒரு மாதிரி வாடை சார்," என்றாள்.

பஹாரோம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் திரும்பினார். இருக்கையில் தொம்போக் படுத்திருந்தது. வெள்ளை உடம்பில் மை கொட்டியதுபோலக் கறுப்புத் திட்டுகள் கொண்ட, தலையணை பருமன் உள்ள பூனை. குட்டியாக அது கண்டெடுக்கப்பட்டது இந்தக் காரின் அடியில்தான். அதிலிருந்து கார் தன்னுடையது, பஹாரோம் அதை ஓட்ட வந்த ஆள் என்ற எண்ணத்திலேயே அது வளர்ந்துவிட்டது. அவர் திரும்பியதும், அவர் முகத்துக்கு நேராக வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. காலையில் தின்ற நெத்திலிக் கருவாடு மொத்தமும் அந்தக் கொட்டாவியில் இருந்தது.

"இதுதானா," என்றார் பஹாரோம். "பூனை வாயி."

"இருக்கலாம் சார்," என்றாள் சியூ யென். கண்ணாடியை மட்டும் ஏற்றவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஹாரோமுக்குப் பல விஷயங்கள் விளங்கிவிட்டன. போன மாதம் ஒரு பையன் பாதிப் பாடத்தில் வேறு டிரைவிங் பள்ளிக்கு மாறிப்போனான். காரணம் கேட்டால் வீடு பக்கம் என்றான். அவன் வீடு பஹாரோம் வீட்டுக்குப் பின் தெரு. அதற்குப் பின் ஒரு டீச்சரம்மா, தனக்குக் கார் ஓட்டுகிற ஆசையே போய்விட்டது என்று சொல்லிவிட்டு, மறு வாரம் வேறொரு பயிற்சிக் காரைச் சிரித்தபடி ஓட்டிக்கொண்டு போனாள். எல்லாம் இந்தக் கொட்டாவியின் வேலை.

வீட்டில் மனைவி சல்பியா வாழைப்பழ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாடை பூனையோடதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"அது ஏன் சொல்லணும்? நானே கண்டுபிடிச்சேன்."

சல்பியா பஜ்ஜித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். பிறகு, "என்ன செய்யப்போறீங்க அபாங்?" என்றாள்.

"பல்லு தேய்ச்சுவிடப்போறேன்," என்றார் பஹாரோம். கல்யாணமான புதிதில் மட்டுமே கேட்ட உறுதி அவர் குரலில் இருந்தது.

எண்ணெய் மாற்றுவதிலிருந்து பஞ்சர் ஒட்டுவதுவரை காருக்கு எல்லாம் தானே செய்துகொள்கிறவர் அவர். ஒரு பூனையின் வாய் அதைவிடவா கஷ்டம்? பழைய பிரஷ் ஒன்றை எடுத்தார். தன்னுடைய பற்பசையைத் தாராளமாகப் பிதுக்கினார். புதினா, கற்பூரம், இன்னும் என்னவோ காரமெல்லாம் சேர்ந்த பற்பசை அது. தொம்போக்கைக் குளியலறைக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை அவர் பின்னால் மூன்று விதமாகச் சொன்னார். சல்பியா வெளியிலிருந்து கேட்டது ஒரு வாளி உருண்ட சத்தம், ஒரு அலறல், பிறகு இன்னொரு அலறல். இரண்டில் எது பூனையுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கதவு திறந்ததும் வாயெல்லாம் நுரையோடு தொம்போக் அவள் காலடியில் பாய்ந்து, கூடத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஹாஜி மொக்தாரின் முற்றத்தில் போய் விழுந்தது. ஹாஜி மொக்தார் அப்போதுதான் செருப்பைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு மிருகம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து, முழங்கால் வலிக்காரர் என்பதையும் மறந்து மோட்டார் சைக்கிளின் இருக்கைமேல் ஏறி நின்றார்.

பின்னாலேயே பஹாரோம், இடுப்புச் சாரோங்கை ஒரு கையிலும் பிரஷை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பூனை ரம்புத்தான் மரத்தின் உச்சிக் கிளைக்குப் போய்விட்டது. தெருவே கூடியது. வெறிபிடித்த பூனை என்றார் ஒருவர். நகராட்சிக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார் இன்னொருவர். நகராட்சி என்றதும் பஹாரோமின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மரத்தடியில் நின்று, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலக் கையை உயர்த்தி, அது வெறி இல்லை, பற்பசை என்று எல்லோருக்கும் விளக்கினார்.

ஹாஜி மொக்தார் இறங்காமலே கேட்டார்: "பூனைக்கு எதுக்குய்யா பல்லு தேய்க்கிற? அதுக்கென்ன மாப்பிள்ளை பாக்க வராங்களா?"

தொம்போக் மழை வந்த பிறகுதான் இறங்கிவந்தது. இறங்கியும் பஹாரோமின் பக்கம் திரும்பவில்லை. கார்க் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டார். அது முன் சக்கரத்தின் மேல் தன் அபிப்பிராயத்தைத் தெளித்துவிட்டுப் போய்விட்டது.

பூனை இல்லாமலே மறுநாள் பாடத்துக்குப் போனார். வந்த பையன் பத்து நிமிஷத்தில் கண்ணாடியை இறக்கினான். வாடை இருக்கையில் ஊறிவிட்டது என்று புரிந்துகொண்டார் பஹாரோம். இருக்கை உறைகளைக் கழற்றித் துவைத்தார். தைப்பிங்கில் துவைத்தது எப்போது காய்ந்திருக்கிறது? ஈரத்தோடு மாட்டினார். அதற்குப் பிறகு காரில் உண்மையாகவே ஒரு வாடை வந்துவிட்டது. அதை அவரே உணர்ந்தார். போதாததற்கு இரண்டு கைகளிலும் பூனை போட்ட கோடுகள். அதன்மேல் கட்டு. கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாம ஓட்டு, ஒன்னும் ஆகாது," என்று சொல்கிற ஆசிரியரை எந்த மாணவன் நம்புவான்?

அந்த வாரக் கடைசியில் சல்பியாதான் பேச்செடுத்தாள். அவளுடைய சிநேகிதி கமாரியாவின் மகன் லுக்மான் டாக்டராகி ஊருக்கே வந்துவிட்டானாம். பல் விஷயத்தில் கைராசிக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். வீட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

பஹாரோம் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். வரட்டும், பார்க்கட்டும், மருந்து கொடுக்கட்டும். பிடுங்குகிற பேச்சு மட்டும் இந்த வீட்டில் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. பஹாரோம் படித்த ஆரம்பப் பள்ளிக்கு ஒரு தடவை பல் பார்க்கிற குழு ஒன்று வெள்ளை உடையில் வந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டபோது நாற்காலி காலியாக இருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. மூன்றாவது வீட்டுக் கோழிக்கூண்டுக்குள்ளிருந்து அவரைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். இடுக்கி வாய்க்குள் போன அந்தச் சத்தம் இப்போதும் அவர் காதில் இருந்தது. கொல்லன் கடையில் குறடு விழுந்தால்கூடத் தெருவை மாற்றிப் போகிறவர் அவர். தனக்கு நடந்தது இன்னொரு உயிருக்கு நடக்க அவர் விடமாட்டார்.

லுக்மான் சனிக்கிழமை வந்தார். ஒல்லியான, கூச்சமுள்ள இளைஞர். பையில் டார்ச்சும் சிறு கண்ணாடியும் இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் தும்மினார். சோபாவில் உட்கார்ந்து மறுபடி தும்மினார். புது ஆள் வந்ததும் தொம்போக் அதே சோபாவுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பஹாரோம் தரையில் படுத்துக் கையை விட்டுப் பார்த்தார்; ஒரு புதுக் கோடு கிடைத்தது.

"இருக்கட்டும் பாக் சிக், தொந்தரவு பண்ணாதீங்க," என்று மாமா முறை வைத்துச் சொன்னார் லுக்மான். "நீங்க உக்காருங்க. எப்படித் தேய்க்கணும்னு உங்களை வச்சே காட்டிடறேன். வாயைத் திறங்க."

பாடம் சொல்லிக்கொடுக்கிறவருக்குச் செய்முறை விளக்கத்தின் அருமை தெரியும். பஹாரோம் திறந்தார். லுக்மான் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியை விட்டுத் திருப்பிப் பார்த்தார். தும்மலே நின்றுவிட்டது.

"எவ்வளவு காலமா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குட்டியிலேருந்தே வாய் நாத்தம் உண்டு," என்றார் பஹாரோம், வாயை மூடாமலே. "இப்பத்தான் ஜாஸ்தியாயிடுச்சு."

லுக்மான் சல்பியாவைப் பார்த்தார். சல்பியா சன்னலைப் பார்த்தாள். பிறகு லுக்மான் பிரஷை எடுத்து, ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக எப்படித் தேய்ப்பது என்று அவருடைய பல்லிலேயே காட்டினார். வலது பக்கம் போனபோது பஹாரோம் நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினார். அந்தப் பக்கம் கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றார்.

டாக்டர் சொன்ன வைத்தியம் இதுதான். காலையிலும் படுக்கப்போகும் முன்னும் தேய்க்க வேண்டும். முதலில் பாக் சிக் தேய்க்க வேண்டும். அவசரப்படாமல், மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. சிகரெட்டை விட வேண்டும். தேநீரில் ஊற்றும் அந்த இனிப்புக் கெட்டிப் பாலைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் விட்டால் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும், ஒன்றல்ல, பல.

பஹாரோம் ஒவ்வொன்றையும் தானே பொருத்திப் பார்த்துக்கொண்டார். முதலில் தான் தேய்த்தால், பூனை பார்த்துக் கற்றுக்கொள்ளும். சிகரெட் வாடை விரலில் இருந்தால், விரலை வாய்க்குள் விடாது. கெட்டிப் பால்தான் கொஞ்சம் இடித்தது. கோப்பையில் மிச்சம் இருப்பதைத் தொம்போக் நக்குகிறது என்று சல்பியா ஞாபகப்படுத்தினாள். டாக்டர் என்றால் இவரல்லவா டாக்டர் என்று வியந்தார் பஹாரோம். இன்னும் பூனையைத் தொடவே இல்லை. அதற்குள் அதன் சரித்திரத்தையே சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் பல் தேய்க்கும் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. துணி துவைக்கும் எந்திரத்தின்மேல் தொம்போக்கை உட்காரவைத்து, அதன் கண் முன்னால் பஹாரோம் தேய்த்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுபோலவே சொல்லிக்கொடுத்தார். முதலில் மேல் வரிசை, நிதானமாக. திருப்பத்தில் வேகத்தைக் குறை. பின்பக்கம் பார்க்காமல் போகாதே. பூனை கண்ணை இடுக்கிக்கொண்டு, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்திருந்தது.

சல்பியா கடையிலிருந்து கோழி ருசி போட்ட பூனைப் பற்பசை வாங்கிவந்தாள். அதில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு குழாய்களும் ஒரே குவளையில் நின்றன. பஹாரோம் காலையில் மூக்குக் கண்ணாடி போடுவதில்லை. ஒரு நாள் பாதி தேய்த்த பிறகுதான் வாய் முழுக்கக் கோழி சூப் மணப்பதை உணர்ந்தார். அன்றைக்குப் பார்த்துத் தொம்போக் எந்திரத்தின் மேலிருந்து எழுந்து, அவர் தோளில் கால் வைத்து, மிகுந்த பாசத்தோடு அவர் வாயை நக்கியது. அது கற்றுக்கொண்டுவிட்டது என்று அவர் சல்பியாவைக் கூவி அழைத்தார்.

அது கற்றுக்கொண்டது பற்பசையின் ருசியை மட்டும்தான். பிரஷை நீட்டினால் நக்கித் துடைத்துவிடும். பல்மேல் வைத்தால் கடித்துக்கொண்டு ஓடிவிடும். அலமாரிக்கு அடியில் பிரஷ்கள் சேர்ந்தன. சிகரெட் இல்லாத கோபத்தில் பஹாரோம் மாணவர்களிடம் எரிந்து விழுந்தார். சியூ யென் ஒரு வட்டச்சாலையை மூன்று முறை சுற்றியபோது, "இது என்ன ராட்டினமா? இறங்கற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அழுதேவிட்டாள். அவருக்கும் அழுகை வரும்போலிருந்தது. ஓரமாக நிறுத்தி, சிகரெட்டை விட்டுவிட்டேன் அம்மா, பூனைக்காக, என்று சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். அவர் முழுக் கதையையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, ரொம்ப நல்ல டாக்டராக இருக்கிறார் சார், அவர் சொன்னபடியே செய்யுங்கள் என்றாள்.

அப்புறம் ஒரு காலையில் பிரஷில் ரத்தம் இருந்தது.

எந்தப் பிரஷ் யாருடையது என்பது அந்த வீட்டில் எப்போதோ குழம்பிப் போயிருந்தது. இருந்தாலும் ரத்தம் ரத்தம்தான். தன் முரட்டுக் கையால் ஒரு வாயில்லா ஜீவனின் ஈற்றைக் கிழித்துவிட்டோம் என்று அவர் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொம்போக் வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. அதன் உதட்டைத் தூக்கிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இனிமே நான் தேய்க்கல பியா," என்றார். "எனக்குக் கை வரல. அதுக்கு வலிச்சிருக்கும். சொல்லத் தெரியாம நக்கிட்டு இருந்திருக்கு."

சல்பியா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, முதலில் கொஞ்ச நாள் ரத்தம் வரத்தான் செய்யும், விடாமல் தேய்த்தால் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார், நிறுத்தத்தான் கூடாது என்றாள். அவர் எப்போது சொன்னார் என்று பஹாரோம் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

நிறுத்தவில்லை. ரத்தம் நின்றது. பஹாரோமின் கையும் பழகிவிட்டது. அவசரம் போய், வேலையில் ஒரு பதம் வந்தது. ஒரு மாலை, முன் தாழ்வாரத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தொம்போக் தானாகவே தலையை அவர் முழங்கையில் சாய்த்து வாயைக் கொஞ்சம் திறந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷை வைத்தார். மேல் வரிசை. கீழ் வரிசை. பின்பக்கம். பூனை முனகியது; கண்ணை மூடிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாஜி மொக்தார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்ய வந்தவர், செய்யாமலே உள்ளே போய்விட்டார்.

காரிலும் கண்ணாடிகள் ஏறிவிட்டன. சியூ யென் மழையில் நனையாமல் ஓட்டி, மேட்டில் நிறுத்தி எடுக்கும் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினாள். அவள் தம்பியும் இவரிடமே சேர்ந்தான். தொம்போக் பழையபடி பின் இருக்கையில் படுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொட்டாவி விட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

லுக்மான் கடைசியாக ஒரு முறை பார்க்க வந்தபோது பஹாரோம் அவரை வாசலிலேயே கட்டிக்கொண்டார். டாக்டர் வழக்கம்போலத் தும்மினார். செய்முறையை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று பஹாரோமை வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். அசந்துபோய்விட்டார். இவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை, ஈறெல்லாம் இறுகிவிட்டது, வாடையே இல்லை என்றார். பஹாரோம் பெருமையில் சிவந்தார். தொம்போக்கை எடுத்துவந்து டாக்டர் மடியில் வைத்தார். அவர் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு, மூன்று முறை தும்மி, திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்னு மட்டும் பாக்கி இருக்கு பாக் சிக்," என்றார். "வலது பக்கம், கடைசிப் பல்லு. அதைக் காப்பாத்த முடியாது. உள்ளுக்குள்ள சீழ் கட்டியிருக்கு. அப்படியே விட்டா மத்ததையும் கெடுத்துடும்."

பஹாரோமின் முகத்திலிருந்து வெளிச்சம் போய்விட்டது. ஒரு வேளைகூட விடாமல் தேய்த்தேனே என்றார். எங்கே தப்பு செய்தேன் என்றார். தப்பே இல்லை, அது முன்பே கெட்டுப்போன பல், நீங்கள் மற்றதை எல்லாம் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று லுக்மான் ஆறுதல் சொன்னார். இந்தப் பேச்சு இந்த வீட்டில் கூடாது என்று சொன்னவர், அதைச் சொல்லவும் மறந்து நின்றார்.

"வலிக்குமா?"

"ஊசி போட்டுட்டா ஒன்னுமே தெரியாது."

"பயம்னு ஒன்னு இருக்கே டாக்டர். அதுக்கு ஊசி உண்டா?"

சல்பியா, "பக்கத்துல பிரியமானவங்க யாராச்சும் இருந்தா பயம் கொஞ்சம் குறையும்," என்றாள்.

பஹாரோம் குனிந்து தொம்போக்கின் தலையைத் தடவிக்கொடுத்தார். பல் பிடுங்குகிற இடத்தின் வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று இத்தனை வயது வரைக்கும் வைராக்கியமாக இருந்தவர். பிறகு நிமிர்ந்தார். "நான் வரேன். கூடவே இருப்பேன். கடைசி வரைக்கும் விட்டுட்டுப் போகமாட்டேன்."

சல்பியா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். லுக்மான் போகும் முன், உங்களுக்கு ரத்தக்கொதிப்பு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் விசாரித்தார். பார்த்துக்கொண்டு நிற்கும்போது மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று கேட்கிறார் என நினைத்து, பஹாரோம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

குறித்த நாளில் காலையிலேயே மழை. பஹாரோம் தொழுது முடித்து, பல் தேய்த்து, தொம்போக்குக்கும் தேய்த்துவிட்டு, அதன் பழைய போர்வையைப் பிரம்புக் கூடையில் விரித்தார். கிளம்பும்போது சல்பியா கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அபாங், நான் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"வந்து கேக்கறேன் பியா. இப்ப எதுவும் சொல்லாதே. என் தைரியம் போயிடும்."

அவள் கைப்பிடியை விட்டாள். தானும் வருகிறேன் என்று காரில் ஏறி, கிளினிக் வாசலில் இறங்கிக் குடை பிடித்தாள். குடை அவருக்கும் கூடைக்கும் சரியாக இருந்தது, அவள் நனைந்தாள்.

உள்ளே பளிச்சென்று சுத்தமாக இருந்தது. சுவரில் பெரிய பல் ஒன்று சிரிக்கிற படம். பெஞ்சில் ஓர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டும், கடை முதலாளியான ஒரு தவுக்கே கண்ணை மூடிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பூனைகள் முன்பே உள்ளே போயிருக்கும் என்று பஹாரோம் நினைத்தார். வளர்த்த மனசுக்கு எவ்வளவு வேதனை என்று அந்தக் கன்னத்தைப் பிடித்திருந்த அம்மாளைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

கூடையை மடியில் வைத்து, துணியை விலக்கி, தொம்போக்கின் காதுக்குள் பேசினார். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றார். கண்ணை மூடிக்கொள், கடலை நினைத்துக்கொள் என்றார். ஒரு பல்தானே, அது போனால் நிம்மதியாகத் தின்னலாம், இரண்டு பக்கமும் மெல்லலாம் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரலே அவருக்குத் தைரியம் கொடுத்தது. தொம்போக் கொட்டாவி விட்டது. அதன் பற்கள் பச்சரிசிபோல வெள்ளையாக இருந்தன.

உள் கதவு திறந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, பஹாரோம் யார் என்று கேட்டாள். அவர் எழுந்தார். கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"நானும் உள்ள வரேம்மா. தனியா விட்டா பயந்துக்கும். துணைக்கு இருக்கேன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் ஈரப் புடவைத்தலைப்பு போலத் தொங்கும் முக்காட்டோடு நின்ற சல்பியாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, கூடையை அவரிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"துணைக்கு வந்தது பூனைதான் பாக் சிக். பல்லு உங்களுது."